பதினாறு அடி என்று சொன்னது நான்தான்

என் ஆசை செல்வி அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்கலாமா, கூடாதா? தெரியவில்லை, கேட்டு வைக்கிறேன். இங்கே நானும் செல்வியும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எழுத்தைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறதாம், டீச்சர் சிரிக்கிறாராம். உங்கள் சட்டைகளில் மூன்றை என் அண்ணனுக்குக் கொடுத்தேன். நீலச் சட்டையைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நினைவஞ்சலிப் பக்கத்தில் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதி, குடும்பத்தார் பேரெல்லாம் வரிசையாக அடுக்குவார்களே, அங்கே. நான் கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன். நம் வீட்டுச் சங்கதியை ஊரெல்லாம் படிக்கும்படி ஏன் எழுதுகிறாய் என்று முகத்தைச் சுருக்குவீர்கள். என்ன செய்வது? நீங்கள் பழி ஏற்றுக்கொண்டது நாலு பேர் முன்னால். அதை இறக்கி வைப்பதும் நாலு பேர் முன்னால்தானே நடக்க வேண்டும்?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு கொள்ளாத கூட்டம். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் அண்ணன் ஆரம்பித்தார். "நம்ம மாப்ள மாதிரி தங்கமான மனுசன் கிடைக்காதுலா. ஒரே ஒரு குறை, அளவு தெரியாது. பதினாலு அடி மோட்டார் போட்டைப் பதினாறு அடியா இழுத்துக் கட்டி, என்னையும் ஏத்திக்கிட்டுப் போயி நடுக்குட்டையில முக்கி எடுத்தாரு பாரு!" பந்தியே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் சித்தி கூடச் சிரித்தார்.

நான் ரசவாளியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். செல்வி என் சேலையை இழுத்து, "அம்மா, அப்பாவுக்குக் கணக்கு வராதாம்மா?" என்று கேட்டாள். ஒரு பஸ் கம்பெனியின் ஸ்டோர் கணக்கையே மூளைக்குள் வைத்திருந்த கிராணியைப் பற்றி, அவர் பெற்ற பிள்ளை இப்படிக் கேட்கிறது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனேன்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. செல்வி உங்களை எப்படி நினைத்துக்கொண்டு வளரப் போகிறாள்? மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் நினைக்கட்டும், அவள் தப்பாக நினைக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் வழக்கம்போல் தொண்டையைக் கனையுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவில் பழைய புத்தகம் விற்கிற கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நடுப்பக்கத்தில் ஒரு மோட்டார் படகின் படம். பதினாலு அடி நீளம், பிளைவுட் பலகை, வீட்டிலேயே கட்டலாம் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் மாட்டிய காலண்டரே சுவரில் கோணிக்கொண்டுதான் தொங்கும். கடல் எங்கேயோ இருக்கிறது, இந்த ஊரில் படகை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஈயம் தோண்டி விட்ட குட்டை இவ்வளவு கிடக்குதே, போதாதா?" என்றீர்கள். பிறகு, "பாக்கியம், ஓடுற பஸ்ஸுக்கெல்லாம் நான்தான் சாமான் எடுத்துக் குடுக்கிறேன். எதையும் நான் செஞ்சதில்ல. ஒண்ணாவது நான் செஞ்சதா இருக்கட்டுமே" என்றீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

மூலைவீடு என்பதால் பக்கவாட்டில் இடம் இருந்தது. பதினாலு அடிப் படகுக்கு அளவாகத் தகரக் கூரை போட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பதினாலு அடிக்குக் கோடு கிழித்துவிட்டு, நல்ல நேரம் பார்க்கச் சொன்னீர்கள். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தைப் புரட்டினேன்.

கடைசிப் பக்கங்களில் மனையடி சாஸ்திரம் இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் அறைக்கு எத்தனை அடி வைத்தால் என்ன பலன் என்று பார்ப்பார்களே, அந்தப் பட்டியல். பதினாலுக்கு நேராக நஷ்டம் என்று போட்டிருந்தது. பதினாறுக்கு நேராகச் செல்வம் உண்டு என்று போட்டிருந்தது. வீட்டுக்குப் போட்ட கணக்கைப் படகுக்குப் பார்த்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"படகுக்கு எதுக்குலா மனையடி? நாம என்ன அதுல குடித்தனமா பண்ணப் போறோம்?" என்று கேட்டீர்கள்.

"உள்ள உக்காருவோம்ல? அப்ப அதுவும் ஒரு மனைதான்" என்றேன்.

அப்போது எனக்கு இரண்டு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நீங்கள் என்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தீர்கள். நஷ்டம் என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் படகு ஞாபகம் வரவில்லை. வயிறுதான் ஞாபகம் வந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு ஈரத்துணியை எடுத்து வந்து, குனிந்து, காலையெல்லாம் கிழித்த கோட்டைத் துடைத்தீர்கள். பதினாறு அடிக்குப் புதுக்கோடு போட்டீர்கள். "அழிச்சாச்சு. போதுமா?" என்றீர்கள். உங்களோடு வாழ்ந்த வருஷங்களில் நான் உங்களை நினைத்து உருகிய நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அதோடு விட்டேனா? பிளைவுட் பலகை எட்டு அடி நீளம். இரண்டை வைத்தால் சரியாகப் பதினாறு, ஒரு துண்டு வீணாகாது. "பாத்தீங்களா, பலகையே பதினாறுன்னுதான் சொல்லுது" என்று பெருமை அடித்தேன். பத்திரிகைப் படத்தில் அடிப்பலகையின் மூட்டு ஓரிடத்திலும் பக்கப்பலகைகளின் மூட்டு வேறு வேறு இடத்திலும் இருந்தன. நம் படகில் எல்லா மூட்டும் நட்டநடுவில் ஒரே கோட்டில் வந்து நின்றன. நான் ரவிக்கை தைத்துக் காசு பார்க்கிறவள். எல்லாத் தையலும் ஒரே இடத்தில் வந்தால் அங்கேதான் கிழியும் என்று எனக்குத் தெரியாதா? துணியில் தெரிந்தது பலகையில் தெரியாமல் போய்விட்டது.

ஆனாலும் அந்த ஐந்து மாதமும் என்ன சந்தோஷமாக இருந்தோம்! படகைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மெராந்தி மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, யாருக்குக் கல்யாணம், பந்தல் போடுகிறீர்களே என்று கேட்டார். பதினாலு அடிக் கூரைக்குள் பதினாறு அடிப் படகு அடங்குமா? மூக்கு இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழை வந்தால் என் பழைய பிளாஸ்டிக் பாயை எடுத்துக்கொண்டு அதற்கு முக்காடு போட ஓடுவேன்.

ஸ்க்ரூவுக்குச் சோப்புத் தடவிக் கொடுப்பது என் வேலை. சோப்புத் தடவினால் மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். முன்பக்கம் பலகையை வளைப்பதற்குச் சாக்கைப் போட்டு, பொங்கல் பானையில் வெந்நீர் காய்ச்சி ஊற்றி ஊற்றி வளைத்தோம். முதல் பலகை மடாரென்று உடைந்தது. நீங்கள் கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்து, "உனக்கில்ல தாயி" என்றீர்களே!

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது படகு முடிந்தது. அண்ணன் லாரியில் ஏற்றிக் கோப்பெங் பக்கம் ஆ செங்கின் குட்டைக்குக் கொண்டுபோனோம். ஆ செங் அந்தக் குட்டையில் வாத்து வளர்க்கிற தவுக்கே, சீன முதலாளி, படகை அங்கே விட்டுக்கொள்ளச் சம்மதித்தவர். என் சொந்தக்காரர்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம், சக்கரமே இல்லாததற்கு எங்கே வைப்பது என்று அண்ணிக்கும் என் சித்திக்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் மூக்கில் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தார்கள். நீங்கள் வாங்கி மாட்டிய பழைய மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நீங்கள் பின்னால், நீச்சல் தெரியாத அண்ணன் நடுவில். குட்டை நடுவுக்குப் போகும்வரை நன்றாகத்தான் போனது.

பிறகு அண்ணன் எழுந்து நின்றார். "மாப்ள! தண்ணி வருது மாப்ள! நடுவுல வருது!" படகைத் திருப்பினீர்கள். அண்ணன் பால் டின்னால் இறைத்தார், அது போதாமல் செருப்பால் இறைத்தார். கரைக்கு வர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது மோட்டாரோடு சேர்த்துப் படகு உட்கார்ந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். வாத்துகள் எல்லாம் ஒரே கூச்சல்.

கரையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி மெதுவாக, "புள்ளத்தாச்சி நிக்கிறப்ப இப்படி முங்குதே..." என்று ஆரம்பித்தார். நீங்களும் அண்ணனும் சட்டையைப் பிழிய வாத்துக் கொட்டகைக்குப் பின்னால் போயிருந்தீர்கள். திரும்பி வரும்போதே அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். "பதினாலைப் பதினாறா கட்டுனது யாருடா? ஓட்டப்போட் மாப்ள!" என்றார். நீங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான்தான். என் கணக்கு தப்பாப் போச்சு" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள், அண்ணியும் சிரித்தார், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

நான்தான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உங்கள் பேர் கெட்டால் கெடட்டும், என் வயிற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். எவ்வளவு சுயநலம் பாருங்கள்! வீட்டுக்கு வந்ததும் நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "மைலோ கலக்கிக் குடு, குளிருது" என்றீர்கள், அவ்வளவுதான்.

செல்வி பிறந்தாள். முழுசாக, கொழுகொழுவென்று, கத்திக்கொண்டு. அந்த மாதங்களில் நீங்கள் ஞாயிறுதோறும் குட்டைக்குப் போய், கரைக்கு இழுத்துப் போட்ட படகில் மூட்டின் மேல் உள்ளே ஒரு பட்டைப் பலகையும் வெளியே ஒரு பட்டைப் பலகையும் வைத்துப் பசை போட்டு ஸ்க்ரூ முறுக்கினீர்கள். செல்விக்கு நாலு மாதம் ஆனபோது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் வேண்டுமென்றே அந்த மூட்டின் மேல் உட்கார்ந்து, பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. "கையை எடு பாக்கியம். பலகையை நம்புலா" என்றீர்கள்.

அண்ணனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டலாம் என்றேன். "வேணாம். அவங்க சிரிச்சிக்கிட்டு இருக்காங்க, இருக்கட்டும்" என்றீர்கள். உங்களுக்கு ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் படகு இத்தனை வருஷம் ஓடியதும் மீன் பிடித்ததும் அவர்கள் காதுக்குப் போகாமலா இருந்தது? ஆனால் மிதக்கிற படகைப் பற்றி யார் கதை சொல்வார்கள்? முங்கினதுதான் கதை.

ஆக, படிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கு அளவு தெரியும், கணக்கும் தெரியும். அந்த இரண்டு அடியைக் கூட்டச் சொன்னவள் நான்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அப்புறம் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது முறையில்லை என்று தோன்றியது. நேற்று பஸ் ஏறிச் செமோருக்குப் போனேன். ஈயம் விலை விழுந்து சுரங்கத்து வேலை போன பிறகு அண்ணன் இப்போது காய்கறி லாரி ஓட்டுகிறார், மத்தியானத்தில் வீட்டில்தான் இருப்பார். அவரை உட்கார வைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். இடையில் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை.

"இதை அனுப்பாத பாப்பா" என்றார்.

"ஏண்ணே? அவரு பேரு இப்படியே இருக்கணுமா?"

"எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"வாத்துக் கொட்டாய்க்குப் பின்னால சட்டையப் பிழியிறப்ப நான்தான் கேட்டேன். உண்மையச் சொல்லு மாப்ள, பதினாறு யாரு சொன்னது, பஞ்சாங்கமான்னு. நம்ம வீட்டுப் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவரு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. 'மச்சான், அவளுக்கு ரெண்டு தடவ போயிருச்சு. இப்ப கரையில பயந்துபோயி நிக்கிறா. இதைச் சகுனம்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா அவ தாங்க மாட்டா. நீங்க என்னைப் பாத்துச் சிரிங்க. நல்லா சத்தமாச் சிரிங்க. எல்லாரும் சிரிச்சிட்டா அது சகுனமா ஆகாது'ன்னாரு. எனக்கு உள்ள உதறிக்கிட்டு இருக்கு, செத்துப் பொழைச்சு வந்திருக்கேன். இருந்தாலும் சிரிச்சேன்."

அண்ணன் வாசலைப் பார்த்தபடி தொடர்ந்தார். "அப்புறம் அதுவே பழகிப்போச்சு. நீ எப்பயாச்சும் மூஞ்சி வாடி நின்னா, மாப்ள என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுவாரு. நான் அந்தக் கதைய எடுப்பேன். அன்னைக்குப் பதினாறாம் நாளு, நீ ரசவாளியோட நின்ன கோலத்தைப் பாத்தேன். கண்ணைக் காட்ட அவரு இல்ல. நானா எடுத்தேன். எனக்கு வேற என்ன பாப்பா தெரியும்?"

நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தார். நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? இத்தனை வருஷமும் என்னைக் காப்பாற்ற ஒரு சிரிப்பைக் கூலிக்கு அமர்த்தியது போல் அமர்த்திவிட்டு, பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி நீங்களும் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே. நான் உங்கள் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு அந்தப் பேர் தேவையாகவே இருக்கவில்லை. உங்களுக்கு நான்தான் தேவையாக இருந்தேன். இதை நீங்கள் இருக்கும்போதே தெரிந்துகொண்டிருந்தால், அந்தக் குட்டை நடுவில், எல்லார் முன்னாலும் உங்களைக் கட்டிப் பிடித்திருப்பேன். வாத்துகள் பார்த்தால் பார்க்கட்டும்.

கடிதத்தை அனுப்பத்தான் போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "சரி, அனுப்பு. ஆனா என்னை ரொம்ப நல்லவனா எழுதிடாத, சொந்தக்காரன் எவனும் நம்ப மாட்டான்" என்றார். செல்விக்கு நேற்று ராத்திரியே எல்லாம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப அப்பாவுக்குக் கணக்கு வரும்" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற பள்ளி விடுமுறைக்கு எல்லாரையும் குட்டைக்குக் கூப்பிடுவேன். ஆ செங்கிடம் சொல்லியாகிவிட்டது. மோட்டார் கயிற்றை நான் இழுப்பேன், செல்வி முன்னால், அண்ணன் நடுவில். போகும்போதே அந்தக் கதையை நான் சொல்வேன், பஞ்சாங்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் மறைக்காமல். இனி என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நன்றாகச் சத்தமாகச் சிரிக்கட்டும். எனக்கு இப்போது பயமில்லை.

என்றும் உங்கள் மனைவி,
செல்வி அம்மா பாக்கியம்
ஈப்போ